சிறுவர் அறநெறி மன்றம்: தொடங்குவது, பதிவு செய்வது, நடத்துவது – முழுமையான வழிகாட்டி

ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் பழக்கும் மன்றம் ஒன்றைத் தொடங்க விரும்பினால், எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். தமிழ்நாட்டில் இயங்கும் சிறிய அமைப்புகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஒரு மன்றத்தின் செயலாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, அதன் பிறகு புதிதாகத் தொடங்கியவர்கள் பலருக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். பாதியில் நின்றுபோனவர்களுக்கு அக்கறையில் குறைவில்லை. பெயர்ப்பலகை, பதிவு, தொடக்க விழா, அதன் பிறகு வகுப்பு என்ற வரிசையில் போனதால், முதல் ஆண்டு முடிவதற்குள் அவர்கள் களைத்துப் போனார்கள். பாதுகாப்பு விதி, வகுப்பு, கணக்கு, அதன் பிறகு பதிவு என்று போனவர்கள் இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை ஆட்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய, 18 வயது நிறைந்தவர்கள் ஏழு பேராவது வேண்டும். அந்த ஏழு பேரில் மூன்று பேராவது வாரந்தோறும் இரண்டு மணி நேரம் தவறாமல் வரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருந்தாக வேண்டும் என்பதால், ஒருவருக்கு உடல்நலமில்லாத வாரத்திலும் வகுப்பு நிற்காமல் இருக்க மூன்று பேர் தேவைப்படுகிறார்கள்.

இரண்டாவது தேவை இடம். யாரும் வந்து எட்டிப் பார்க்கக்கூடிய, சன்னல்கள் திறந்திருக்கும், கழிப்பறை உள்ள பொது இடம் நல்லது. நூலகக் கூடமோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் போதும். உறுப்பினர் ஒருவரின் வீட்டில் நடத்துவது எளிதாகத் தோன்றினாலும், வீட்டுக்காரருக்கும் பிற உறுப்பினருக்கும் இடையே எழும் சிறு மனக்கசப்பு வகுப்பையே மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளின் வயது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறியவர்களையும் பெரியவர்களையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் சிறியவர்கள் வாய் திறப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் பலர் செய்யும் பிழை, ஊரில் செல்வாக்குள்ள ஒருவரை அவர் பெயருக்காகத் தலைவராக்குவது. அவர் கூட்டங்களுக்கு வரமாட்டார். ஆனால் தீர்மானத்துக்கும் வங்கிக் காசோலைக்கும் அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். அத்தகையவர்களை ஆலோசகராக மதித்து அழையுங்கள், நிர்வாகக் குழுவில் வேலை செய்பவர்கள் மட்டும் இருக்கட்டும்.

2. முதல் பிள்ளை வருவதற்கு முன்பே பாதுகாப்பு விதிகள்

இந்தப் படியைப் பின்னால் தள்ளிப்போடக் கூடாது. ஒழுக்கம் கற்பிக்க வந்தவர்கள் என்பதாலேயே நம்மைப் பெற்றோர் எளிதில் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்த நினைப்பவரும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருவார்.

விதிகள் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பர். கதவு திறந்தே இருக்கும். எவரும் பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிச் செல்லமாட்டார். பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி அனுப்பமாட்டார், தகவல் எல்லாம் பெற்றோரின் எண்ணுக்கே போகும். பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தராமல் பிள்ளைகளின் புகைப்படத்தை வெளியிடமாட்டார். தன்னார்வலர் ஒவ்வொருவரும் இதைப் படித்துக் கையெழுத்திட்ட பின்னரே வகுப்புக்கு வர வேண்டும். ஒரு படியைப் பெற்றோருக்கும் கொடுங்கள், ஏனென்றால் விதி மீறப்படுவதை முதலில் கவனிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. "மன்றத்தின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098 வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தண்டனையைப் பற்றியும் விதி எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு பள்ளிகளில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. மன்றத்திலும் அதே அளவுகோல்தான் இருக்க வேண்டும். எங்கள் மன்றத்தில் ஒருநாள், இன்சொல்லைப் பற்றிய வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்த பையனைத் தன்னார்வலர் ஒருவர் வாசற்படியில் நிற்க வைத்துவிட்டார். உள்ளே மற்றவர்கள் இனிமையாகப் பேசுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்புகளின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றான். மறு வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்ததால் தாமதமானது என்று அவன் அம்மா சொன்னார். அதன் பிறகுதான் "தாமதமாக வருபவரை ஏன் என்று கேட்காமல் உள்ளே உட்கார வைக்க வேண்டும்" என்ற வரியை விதிகளில் சேர்த்தோம்.

3. பன்னிரண்டு வாரம் வகுப்பை மட்டும் நடத்துங்கள்

பதினைந்து பிள்ளைகள், வாரம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு வாரம். பெயர்ப்பலகையும் விழாவும் நன்கொடையும் வேண்டாம். செலவை உங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள். பெற்றோரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இந்தக் கட்டத்திலேயே வேண்டும்.

பதிவுக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணங்கள் இரண்டு. வாராவாரம் வரக்கூடியவர் யார், தொடக்க நாளின் உற்சாகத்தில் பெயர் கொடுத்தவர் யார் என்பது ஐந்தாறு வாரத்தில் தெரிந்துவிடும். பதிந்த பிறகு ஒருவர் விலகினால் விலகல் கடிதம், தீர்மானம், பதிவாளருக்கு அறிவிப்பு என்று வேலை நீளும். அடுத்ததாக, நீங்கள் உண்மையில் எதைச் செய்ய வல்லவர்கள் என்பது தெரிந்த பின், பைலாவில் (சங்கத்தின் விதிமுறைத் தொகுப்பு) எழுதும் நோக்கப் பகுதி தெளிவாக அமையும்.

அதே வேளையில் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் ஒத்திப்போடவும் கூடாது. உறுப்பினர்களும் பணமும் கூடிவிட்ட சங்கம் பதியாமல் இயங்குவதைச் சட்டம் ஏற்பதில்லை.

4. நோக்கத்தை எழுதுதல்

பைலாவில் எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. வேறொரு சங்கத்தின் பைலாவை அப்படியே நகலெடுத்து, அதிலிருந்த முதியோர் இல்லம், மருத்துவமனை, கோசாலை எல்லாவற்றையும் தங்கள் நோக்கமாக வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னாளில் வருமான வரிப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, நோக்கத்துக்கும் நடந்த பணிக்கும் உள்ள பொருத்தத்தை விளக்க வேண்டி வரும். "பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் வாய்மை, பொறுப்பு, பிறர்மீது அக்கறை ஆகியவற்றை வளர்க்கும் வகுப்புகளையும் பயிற்சிகளையும் சாதி, மதம், பால் வேறுபாடின்றி இலாப நோக்கமில்லாமல் நடத்துதல்" என்பது போல இரண்டு மூன்று வரிகள் போதும்.

சமயம் பற்றிய முடிவை இங்கேயே எடுத்துவிடுங்கள். சமய நூல்வழி ஒழுக்கம் கற்பிப்பதில் தவறில்லை. பல அமைப்புகள் அதை வெளிப்படையாகவும் சிறப்பாகவும் செய்கின்றன. ஆனால் அப்படிச் செய்வதானால் பெற்றோரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். பொது அறநெறி என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு வழிபாட்டைக் கற்பிப்பது பொய்யாகும். வாய்மையைக் கற்பிக்கும் மன்றம் பொய்யில் தொடங்கக் கூடாது. சட்டப்படியும் இதற்கு விளைவு உண்டு. முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு மதத்தார் அல்லது சாதியாரின் நலனுக்காக மட்டும் அமைந்த நிறுவனத்துக்குத் தரும் நன்கொடைக்கு நன்கொடையாளருக்கான வருமான வரிச் சலுகையும் (பழைய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 80ஜி எனப்படுவது) கிடைக்காது.

சங்கத்தைக் கலைக்க நேர்ந்தால் மீதமுள்ள சொத்து இதே நோக்கமுடைய வேறோர் அமைப்புக்குப் போகும், உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தரப்படாது என்ற விதியையும் மறவாமல் சேருங்கள்.

5. பதிவு

சங்கமா, அறக்கட்டளையா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணமாகப் பதியலாம். ஓரிரு நாளில் வேலை முடியும், அதிகாரம் அறங்காவலர்கள் கையில் இருக்கும். சங்கத்தில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், எந்த உறுப்பினரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். அறநெறி கற்பிக்கும் அமைப்புக்குச் சங்கமே பொருந்தும் என்பது என் கருத்து. கேள்வி கேட்க ஆள் இருப்பது நம்மை நேராக வைத்திருக்கும்.

வரிசை இதுதான். முதலில் பெயர்கள் மூன்றை யோசித்து வையுங்கள். ஏற்கெனவே பதிவான பெயரை ஒத்ததும், அரசு அமைப்பு போல ஒலிப்பதும் ஏற்கப்படாது. அடுத்து அமைப்புக் கூட்டம் நடத்தி, பெயர், முகவரி, நோக்கம், நிர்வாகக் குழு ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. அதன் பின் அமைப்புக் குறிப்பையும் பைலாவையும் தட்டச்சு செய்து, அடையாளச் சான்றுகளோடும் அலுவலக முகவரிக்கான சான்றோடும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். வாடகை இடமாக இருந்தால் கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தாமதம் பெரும்பாலும் இந்த ஒரு தாளால்தான் வருகிறது.

அடையாளச் சான்றில் உள்ள பெயரும், பைலாவில் உள்ள பெயரும், கையெழுத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் வேறிடத்தில் பின்னும் இருந்ததற்காகத் திரும்பி வந்த விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலையை விரைவாக முடித்துத் தருகிறேன் என்று ரசீதில்லாத பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். நான்கு வாரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. இந்த மன்றம் எப்படிப் பதிவானது என்று ஒரு பிள்ளை கேட்டால் உள்ளபடியே பதில் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

6. பணம்

பதிவுச் சான்றிதழ் கிடைத்ததும் சங்கத்தின் பெயரில் பான் எண், அதன் பிறகு வங்கிக் கணக்கு. செயலாளர், பொருளாளர், தலைவர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தீர்மானம் போடுங்கள். உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கணக்கிலோ அவருடைய யுபிஐ எண்ணிலோ நன்கொடை வாங்கத் தொடங்குவது மிகப் பொதுவான பிழை. அவர் நேர்மையானவராக இருந்தாலும், இரண்டு ஆண்டு கழித்து அதை நிறுவ அவரிடம் தாள் இருக்காது.

ஒவ்வொரு வரவுக்கும் வரிசை எண்ணிட்ட ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் வவுச்சர். தேநீர் வாங்கிய 60 ரூபாய்க்கும் இது பொருந்தும்.

வருமான வரி விலக்குக்கான பதிவையும் 80ஜி அனுமதியையும் ஒரு தணிக்கையாளரின் துணையோடு விண்ணப்பியுங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பதை நன்கொடையாளரிடம் முன்பே சொல்லுங்கள். வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய படிவங்களை நகலெடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அங்கிருந்து பணம் அனுப்ப முன்வந்தால் உடனே வாங்கிவிடாமல், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று முதலில் கேட்டுத் தெளியுங்கள்.

7. வகுப்பை அமைத்தல்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. பெரும்பாலானோர் நாற்பது நிமிடம் பேசுகிறார்கள், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், எல்லோரும் நிறைவோடு வீட்டுக்குப் போகிறார்கள், அடுத்த வாரம் எதுவும் மாறியிருப்பதில்லை. நல்லது எது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு நல்லவை மோதும்போது எதைப் பற்றுவது என்பதும், தெரிந்ததைச் செய்வதற்கான பழக்கமும்தான் அதற்கு வேண்டியிருக்கிறது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கிறோம். முதல் பத்து நிமிடம், சென்ற வாரம் ஏற்றுக்கொண்ட செயலைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு நிகழ்வு சொல்லப்படும். இருபத்தைந்து நிமிடம் அதைப் பற்றிய பேச்சு. பத்து நிமிடத்தில் தொடர்பான இரண்டு குறள்கள் படிக்கப்படும். மீதி நேரத்தில் இந்த வாரச் செயலை முடிவு செய்து, எல்லோரும் சேர்ந்து பாயைச் சுருட்டிக் கூடத்தைப் பெருக்குவார்கள். பெருக்குவதில் பெரியவர்களும் சேர வேண்டும்.

நிகழ்வைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். "கடைக்காரர் 20 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார், என்ன செய்வாய்?" என்று கேட்டால் பதினைந்து பேரும் "திருப்பிக் கொடுப்பேன்" என்பார்கள், அதற்கு மேல் பேச எதுவும் இராது. "உன் உயிர்த்தோழி தேர்வில் பார்த்து எழுதினாள், ஆசிரியர் உன்னைத் தனியாக அழைத்துக் கேட்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். வட்டம் உடனே அமைதியாகிவிடும், பிறகு பேச்சு நிற்காது. திருக்குறளின் 30-ஆம் அதிகாரம் வாய்மை, 19-ஆம் அதிகாரம் புறங்கூறாமை. ஆசிரியரிடம் சொல்வது வாய்மையா, புறங்கூறுதலா என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கத் தொடங்குவார்கள். பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வரையறுக்கும் 291-ஆம் குறளையும், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிற 292-ஆம் குறளையும் அப்போது படித்தால், அவை மனப்பாடச் செய்யுளாகத் தோன்றாமல் தங்கள் சிக்கலுக்கு ஒருவர் சொன்ன யோசனையாக அவர்களுக்குப் படும்.

குறளைப் பேச்சுக்கு முன்னால் படிக்காதீர்கள். முன்னால் படித்தால் அதையே விடையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பெரியவர் தம்முடைய விடையைக் கடைசி வரை சொல்லாமல் இருக்க வேண்டும். தம் தவறுகளை மட்டும் முன்னதாகவே சொல்லலாம். "இதுவரை பொய் சொன்னவர் யார்?" என்று கேட்டபோது எங்கள் வட்டத்தில் ஒரு கையும் உயரவில்லை. உடனிருந்த தன்னார்வலர் அண்ணன், முந்தைய நாள் அலுவலகத்துக்குத் தாமதமானபோது "டிராஃபிக்" என்று தாம் சொன்ன பொய்யைச் சொன்னார். ஒவ்வொன்றாகப் பதினோரு கைகள் உயர்ந்தன.

பழக்கத்துக்கு ஒரு கருவி: ஆளில்லாக் கடை. மேசைமேல் பேனா 5 ரூபாய், அழிப்பான் 3 ரூபாய், சிறு நோட்டு 10 ரூபாய் என்று விலை எழுதி வைத்து, பக்கத்தில் ஓர் உண்டியல். காவலுக்கு ஆள் இல்லை. வாரக் கடைசியில் பிள்ளைகளே எண்ணுவார்கள். எங்கள் முதல் வாரத்தில் எட்டுப் பேனாவும் ஆறு அழிப்பானும் ஐந்து நோட்டும் போயிருந்தன. 108 ரூபாய் இருக்க வேண்டிய உண்டியலில் 94 இருந்தது. ஒருவர் பைகளைப் பார்க்கலாமா என்றார். கூடாது என்று தடுத்தோம். "இருக்க வேண்டியது 108, இருப்பது 94" என்று ஒரு சிறுமி கரும்பலகையில் எழுதினாள். அந்த எண்கள் வாரம் முழுதும் அழிக்கப்படவில்லை. மூன்றாம் வாரம் எண்ணியபோது 8 ரூபாய் கூடுதலாக இருந்தது. ஒரு நோட்டுத்தாளில் மடித்து, ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும் உள்ளே கிடந்தன. ஒரு பேனாவும் ஓர் அழிப்பானும். யார் என்று நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை அந்தத் தாள் உள்ளே விழாது.

8. பள்ளிக்குள் செல்லுதல்

ஓராண்டு வெளியில் நடத்திய பிறகே பள்ளியை அணுகுங்கள். தலைமையாசிரியரிடம் முதலில் பேசி, வகுப்பில் சொல்லப்போவதை முழுமையாக எழுதிக் கொடுத்து, கல்வித்துறை அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற்று, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். வாய்மொழி அனுமதி தலைமையாசிரியரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

சென்னையின் அரசுப் பள்ளிகளில் தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசப்பட்டதும், அதை அங்கேயே மறுத்துக் கேட்ட பார்வையற்ற ஆசிரியரோடு பேச்சாளர் வாதிட்டதும் 2024 செப்டம்பரில் பெரும் சர்ச்சையாயின. அதன் பிறகு பள்ளிகள் வெளியாரை அனுமதிக்கத் தயங்குகின்றன, அந்தத் தயக்கம் நியாயமானது. எனவே எழுதிக் கொடுத்த பாடத்துக்கு வெளியே ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். வகுப்பாசிரியர் ஒருவர் கடைசி வரை உடனிருக்க வேண்டும் என்று நீங்களே நிபந்தனை வையுங்கள்.

பள்ளியில் ஏற்கெனவே உள்ள சாரணர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ், மேல்நிலை வகுப்புகளின் நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றின் பொறுப்பாசிரியர் வழியாகப் போவது எளிது. அக்டோபர் 31-ஐ ஒட்டி ஆண்டுதோறும் வரும் ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம் முதல் நிகழ்ச்சிக்கு ஏற்ற நேரம்.

9. பலனை எப்படிப் பார்ப்பது

அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளை ஆராய்ந்து 1928 முதல் 1930 வரை வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தில் நேர்மையாக இருக்கும் பிள்ளை வேறோரிடத்திலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்றும், ஒழுக்க வகுப்புக்குப் போவதற்கும் நடத்தைக்கும் பெரிய தொடர்பில்லை என்றும் கண்டார்கள். ஒரு பிள்ளையை "நேர்மையானவன்" என்று முத்திரை குத்துவது எவ்வளவு பிழை என்பதை இது காட்டுகிறது.

ஆகவே "சிறந்த ஒழுக்கமுள்ள மாணவர்" விருது வேண்டாம். அந்த விருது கிடைத்த பிள்ளை தன் தவறை மறைக்கத் தொடங்கும், கிடைக்காத பிள்ளை ஆர்வம் இழக்கும். குறள் ஒப்புவித்தலுக்குப் பரிசு தருவது வேறு. அது நினைவாற்றலுக்கும் மொழிப் பயிற்சிக்கும் தரப்படுவது. பதிவேட்டில் மூன்றை மட்டும் எழுதி வாருங்கள்: வருகை, உண்டியல் கணக்கின் வாராந்தர வேறுபாடு, பிள்ளைகள் தாமாகக் கொண்டுவந்த நிகழ்வுகளின் எண்ணிக்கை. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். "நேற்று எங்கள் தெருவில் இப்படி நடந்தது, அது சரியா?" என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்கினால், வகுப்பு கூடத்துக்கு வெளியேயும் நடக்கிறது என்று பொருள்.

10. ஆண்டு முடிவும் பொறுப்பை ஒப்படைத்தலும்

மார்ச் 31-இல் கணக்கை மூடுங்கள். தணிக்கை முடிந்ததும் பொதுக்குழுவைக் கூட்டி, கணக்கைப் படித்து ஒப்புதல் வாங்கி, ஆண்டறிக்கையையும் உறுப்பினர் பட்டியலையும் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முதல் ஆண்டில் எல்லோரும் செய்து, மூன்றாம் ஆண்டில் பலர் மறந்துவிடும் வேலை இது. வகுப்பு நன்றாக நடக்கிறது என்பது தாக்கல் செய்யாததற்குக் காரணமாக ஏற்கப்படாது.

செயலாளர் மாறும்போது வாய்மொழியாக ஒப்படைக்காதீர்கள். பதிவுச் சான்றிதழ், பைலா, தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், வவுச்சர் கோப்பு, வங்கிப் புத்தகம், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், தன்னார்வலர்களின் கையெழுத்திட்ட பாதுகாப்பு விதிகள், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், கூடத்தின் சாவி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு படியைத் தலைவரிடம் கொடுங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றும் தீர்மானத்தை அன்றே நிறைவேற்றுங்கள். புதிய செயலாளரின் முதல் நான்கு வகுப்புகளுக்குப் பழையவர் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும்.